மிளகளவு மேடு

பம்பரத்தால் ஓரிடத்தில் நிலையாக உட்கார முடியாது என்பது வீட்டுக்கும் தெரியும், அலுவலகத்துக்கும் தெரியும். சின்ன வயதில் அப்பா வைத்த பட்டப்பெயர் முப்பதைத் தாண்டியும் அவளை விடவில்லை. பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் துடைப்பாள். ஜன்னல் துடைத்துக்கொண்டே அடுத்த தெருவில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, தான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அவள் பதில் பேசுவதற்குள் வைத்துவிடுவாள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து திரையில் முக்கோணங்களைப் பார்ப்பது.

ஒரு பம்பின் கூடு எவ்வளவு அழுத்தம் தாங்கும், ஓர் இரும்புத் தாங்கி எந்த இடத்தில் விரிசல் விடும் என்பதையெல்லாம், பொருளைச் செய்வதற்கு முன்பே கணினியில் சோதித்துச் சொல்லும் நிறுவனம் அது. முதலில் பொருளின் மேற்பரப்பு முழுவதையும் சின்னச் சின்ன முக்கோணங்களால் போர்த்த வேண்டும். பார்ப்பதற்கு மீன்வலையை இழுத்துப் போர்த்தியது போலிருக்கும். அதற்குப் பெயரும் வலைதான். முக்கோணம் சிறியதாக இருந்தால் கணக்கு துல்லியமாக வரும். அதற்காக எல்லா இடத்திலும் சிறியதாகப் போட்டால் கணினி திணறிப் படுத்துவிடும். ஆகவே சந்தேகமான இடத்தில் மட்டும் வலையை நெருக்கிவிட்டு, மற்ற இடங்களில் அகலமாக விடுவார்கள். எங்கே நெருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதில் பம்பரம் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அக்காவின் காலில் காட்டப் போய்த்தான் வம்பு வந்தது.

ஒரு சாலை விபத்தில் அக்காவின் இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. அக்கா பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவள், நின்றால்தான் பிழைப்பு. அழுதது போதும் என்று ஒருநாள் அவளாகவே முடிவு செய்து, செயற்கைக் காலை மாட்டி, நிற்கப் பழகி, கடையை மறுபடியும் திறந்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் மிஞ்சிய காலைச் செருகும் அந்தக் கிண்ணத்துக்குள், சாக்கெட் என்பார்களே, அதற்குள் ஏதோ ஓரிடத்தில் ஒரு வலி. மதியத்துக்குள் அக்காவின் முகம் சுண்டிவிடும். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"எங்க வலிக்குது, சரியா சொல்லு" என்றாள் பம்பரம். அக்கா காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை தடவடி சொல்றது? வெளிப்பக்கம், கொஞ்சம் பின்னாடி. நேரா நின்னா ஒண்ணும் தெரியல. நாற்காலியச் சுத்தி வந்து வெட்டுறேன் பாரு, அப்படித் திரும்பும்போது சுருக்குனு குத்துது. கையில கத்தரி இருக்கு, என்னைக்காவது எவ காதையாவது வாங்கிடப் போறேன்."

"ஒரு காது போனா அவங்களுக்கு ஒரு கம்மல் மிச்சம்" என்றார் அக்காவின் கணவர், சமையலறையிலிருந்து. அவர் பேருந்து ஓட்டுநர். எந்தக் கவலையையும் ஒரு நக்கலாக்கித்தான் வெளியே விடுவார்.

"சிரிக்காதீங்க மாமா. அக்கா, உன் காலை ஸ்கேன் பண்ணி என்கிட்ட குடுக்கச் சொல்லு. எந்த இடத்துல அழுத்துதுன்னு நான் ஆபீஸ்ல போட்டுப் பாத்துடறேன்."

"அதெல்லாம் வேணாம். கால்காரம்மா பாத்துப்பாங்க."

கால்காரம்மா என்பது செயற்கைக் கால் மையத்தில் அக்காவுக்குக் கால் செய்து கொடுத்த பெண்ணுக்கு மாமா வைத்த பெயர். அவர் ஏற்கெனவே இரண்டு முறை சாக்கெட்டைச் சரிசெய்து பார்த்திருந்தார். வலி போன பாடில்லை. பம்பரம் விடவில்லை. ஸ்கேன் வேண்டும் என்று காலையும் மாலையும் நச்சரித்தாள்.

"நான் ஒத்தக் கால்ல நிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. நீ ஏண்டி நிக்கிற?" என்று அக்காவே கடைசியில் சிரித்துவிட்டு, சம்மதித்தாள்.

மையத்தில், கையில் பிடிக்கும் ஸ்கேனரால் அக்காவின் மிஞ்சிய காலைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்கள். வந்த கோப்பில் லட்சக்கணக்கான முக்கோணங்கள். பரப்பு முழுக்கச் சொரசொரப்பு. ஸ்கேனரின் நடுக்கம், தோலின் ரோமம், கை அசைவு எல்லாம் சேர்ந்து மணலைத் தூவியது போலிருந்தது. பம்பரம் அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் அதைத் திறந்தாள். பழக்கப்பட்ட வேலைதானே, மென்பொருளில் வழவழப்பாக்கும் கருவியை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தாள். முக்கோணங்களைக் குறைத்தாள். திரையில் அக்காவின் கால் சோப்புக்கட்டி போல மழமழவென்று வந்து நின்றது. கணக்கை ஓட்டினாள். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் முனையில் சிவப்பு பூத்தது. அழுத்தம் அதிகமென்றால் சிவப்பு.

"முன்பக்கம்தான். சந்தேகமே இல்ல" என்று கால்காரம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சாக்கெட்டின் உள்ளே முன்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தார்.

ஒரு வாரம் போனது. வலி அப்படியே இருந்தது. போதாததற்கு முன்பக்கம் இப்போது லேசாக ஆடியது.

பம்பரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்கா திரும்பும்போதுதான் வலிக்கிறது என்று சொன்னாளே, நேராக நிற்கும் எடையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எப்படி? எடையை முறுக்கி இறக்கும்படி மாற்றினாள். அக்கா சொன்ன வெளிப்பக்க இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, அங்கே மட்டும் வலையை நெருக்கினாள். ஒரு முக்கோணம் நான்காகும், நான்கு பதினாறாகும். ஓட்டினாள். அழுத்தம் சாதாரணம். இன்னும் நெருக்கி ஓட்டினாள். எண் அசையவில்லை. மறுபடியும் நெருக்கினாள், அதே எண்.

வலையை நெருக்க நெருக்க விடை மாறாமல் நின்றால், விடை சரி என்று அர்த்தம். இந்தத் தொழிலில் எல்லோரும் நம்புகிற சோதனை அது. அன்று மாலை பம்பரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேராக அக்காவின் கடைக்கே போனாள். கடையில் கூட்டமில்லை. அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்து சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு. நீ சொன்ன இடத்த மூணு தடவ நெருக்கிப் பாத்துட்டேன். அங்க ஒண்ணுமே இல்ல. ஒருவேளை வேற எங்கேயோ இருக்கிற வலி அங்க தெரியுதோ என்னவோ. அப்படியும் நடக்குமாம், நான் படிச்சேன்."

அக்கா திரையைப் பார்க்கவில்லை. சீப்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"வேற எப்படிச் சொல்லுவாங்க? வலி எனக்கு. இடம் என் உடம்புல இருக்கு. நீ வந்து இங்க ஒண்ணுமே இல்லைங்கிற. உன் டப்பாவுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல, அப்படித்தானே?"

"நான் உனக்காகத்தானே சாப்பாட்டு நேரத்தெல்லாம் விட்டுட்டு..."

"நான் கேட்டேனா?" அக்காவின் குரல் உயரவில்லை. அதுதான் பம்பரத்துக்குப் பயமாக இருந்தது. "ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சு நீ என்னச் சுத்திச் சுத்தி ஓடிட்டே இருக்க. ஒரு நிமிஷம் பக்கத்துல உக்காந்து இருக்கியா? என் காலை நீ இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்ல. உன் திரையில இருக்கிறதத்தான் பாக்குற. போடி, போய் உன் வேலையப் பாரு."

பம்பரம் வெளியே வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் நிற்க முடியாமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தாள். அங்கேயும் நிற்க முடியாமல் அதற்கடுத்த நிறுத்தத்துக்கு நடந்தாள். இரண்டு பேருந்துகள் அவளைத் தாண்டிப் போயின. கடைசியில் வீடு வரைக்கும் நடந்தே போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த சில நாட்கள் அவளால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை. அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்தவருக்கு நாளைக்கு சார் என்று பெயர். விடுமுறை கேட்டாலும், புதுக் கணினி கேட்டாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். அவள் கையிலிருந்த ஒரு பம்ப் வேலையில் மட்டும் இன்றைக்கே வேண்டும் என்று நின்றார்.

"என்னம்மா இது? கூட்டோட வாய்ப்பக்கத்துல நெருக்கச் சொன்னா, அடிப்பக்கத்துல நெருக்கி வெச்சிருக்க. உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் சார் இருக்கேன்."

"மொதல்ல அந்தக் காலை ஆட்டுறத நிறுத்து. மேஜையே ஆடுது."

அவள் காலைப் பிடித்து நிறுத்தினாள். கை ஆட ஆரம்பித்தது. அக்காவுக்குப் போன் செய்யலாம் என்று எடுப்பாள். என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிடுவாள். வாழ்நாளிலேயே முதல்முறையாக அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. 'என் காலை நீ பாத்ததில்ல' என்ற அந்த ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. பொய் என்றால் கோபப்பட்டிருக்கலாம். உண்மை. கட்டுப் பிரிக்கும்போது தண்ணீர் கொண்டுவரப் போயிருக்கிறாள். காலைக் கழற்றும்போது ஜன்னலைத் திறக்கப் போயிருக்கிறாள். ஸ்கேன் எடுத்த அன்று கூட அவள் கண் ஸ்கேனரின் சின்னத் திரையில்தான் இருந்தது.

விடுமுறை நாள் காலையில் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். மாமாதான் திறந்தார். அவள் கையில் மடிக்கணினி இல்லாததைப் பார்த்துவிட்டு, "என்ன, ஆயுதத்த கீழ போட்டுட்டியா?" என்றார். அவள் சிரிக்காததைக் கண்டதும், செருப்பை மாட்டிக்கொண்டு, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். வீட்டில் பால் இருந்தது.

அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டிக்குக் கீழே வெறும் தோல். பம்பரம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எழுந்து மின்விசிறியைக் குறைக்கத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"எங்கன்னு காட்டு" என்றாள்.

"திரும்பவுமா?"

"இல்லக்கா. என் கைய வெச்சுக் காட்டு."

 அக்கா அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, காலின் வெளிப்பக்கத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளிக் கொண்டுபோய் வைத்து அழுத்தினாள். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. தையல் தழும்பு ஒரு கோடாக நெருடியது. அதற்குக் கீழே மெத்தென்ற சதை. சதைக்குள்ளே, விரல் நுனிக்கு அடியில், ஒரு மிளகு இருந்தது.

அக்கா உஸ்ஸென்று மூச்சை இழுத்தாள்.

"இதுவா?"

"அதேதான். அழுத்தாத."

பம்பரம் விரலை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. மெதுவாகச் சுற்றி வருடிப் பார்த்தாள். கடினமாக, அசையாமல் இருந்தது. இத்தனை சின்னது. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "இருக்குக்கா. நிஜமாவே இருக்கு" என்றாள்.

"இருக்குன்னுதான் நானும் சொல்லிட்டு இருக்கேன்" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "சரி, அழாத. கால்ல சொட்டுது."

மாமா பாலோடு வரும்வரை பம்பரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். 

மறுநாள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அவள் பையைக் கூடக் கழற்றாமல் கோப்பைத் திறந்தாள். திரையில் அந்த மழமழப்பான கால். விரலால் தொட்ட இடத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். நெருக்கமான வலை அங்கே பளிச்சென்று தெரிந்தது. ஊசி போட இடமில்லாத அளவுக்கு முக்கோணங்கள். ஆனால் மேடு இல்லை. தரை போலத் தட்டையாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று முறை நெருக்கினாள், சரி. எதை நெருக்கினாள்? ஏற்கெனவே வழவழப்பாக்கிய பரப்பை! பெரிய தட்டை முக்கோணத்தை நான்காக வெட்டினால் நான்கு சின்னத் தட்டை முக்கோணங்கள்தான் கிடைக்கும். வடிவம் ஒரு துளியும் கூடாது. விடை மாறாமல் நின்றதும் அதனால்தான். இல்லாத மேட்டின் அழுத்தம் எத்தனை முறை கேட்டாலும் ஒன்றாகத்தானே வரும்? புதிதாக வரும் புள்ளிகளை மூல ஸ்கேனின் மேல் கொண்டுபோய் உட்காரவைக்கும் வசதி அந்த மென்பொருளிலேயே இருந்தது. அதற்காகத் திரையில் தொட வேண்டிய கட்டத்தை அவள் தொடவில்லை. தொட்டிருந்தாலும் பயனில்லாதபடி, அந்தக் கோப்பில் இருந்த ஸ்கேனையே மழித்து வைத்திருந்தாள்.

"மடச்சி" என்றாள் சத்தமாக. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மையத்திலிருந்து வந்தபடியே தனியாக இருந்த மூல ஸ்கேனைத் திறந்தாள். சொரசொரப்பு நிறைந்த அந்தப் பரப்பில், மற்ற மணல்களோடு மணலாக, ஆனால் மற்றவை போலத் தனித்து நிற்காமல் சரிவோடு எழுந்து சரிவோடு இறங்கிய ஒரு புடைப்பு. வாரக்கணக்கில் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் வழவழப்பாக்கும் கருவியைக் கிட்டவே சேர்க்கவில்லை, வெளியே பழையபடி. உள்ளே நெருக்கிய வலையைப் பழைய பரப்புக்குப் பதில் மூல ஸ்கேனின் மேல் படியவைத்தாள். அது அவ்வளவு எளிதாகப் படியவில்லை. நெருக்கமான வலையும் அகலமான வலையும் சந்திக்கும் விளிம்பில் முக்கோணங்கள் ஊசி போல நீண்டு கோணிக்கொண்டன. மென்பொருள் முகம் சுளித்து நின்றுவிட்டது. இடையில் படிப்படியாகப் பெரிதாகும்படி ஒரு வளையம் விட்டாள். பாதி தேறியது. மீதியை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துச் சரிசெய்தாள். நாளைக்கு சார் இரண்டு முறை வந்து பம்பைப் பற்றிக் கேட்டார். இரண்டு முறையும் அவள், "நாளைக்கு சார்" என்றாள். அவர் திரும்பிப் போனார்.

கணக்கு ஓடும்போது அவள் மாடிப்படி ஏறி இறங்கினாள். தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து பார்த்தாள், பாதிதான் முடிந்திருந்தது. மறுபடியும் படி.

முடிந்தபோது, முறுக்கி நிற்கும் நிலையில், அந்த மேட்டின் உச்சியில் ரத்தச் சிவப்பு. சுற்றியிருந்த இடத்தைப் போலப் பல மடங்கு. இன்னொரு சுற்று நெருக்கினாள், எண் ஏறியது. இன்னொரு சுற்று, கொஞ்சம் ஏறியது. அதற்கடுத்த சுற்றில் நின்றது. இந்தத் தடவை அந்த எண்ணை உடனே நம்பிவிடவில்லை. மூல ஸ்கேனை மேலே போர்த்தி, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கோப்பை மூடினாள்.

கால்காரம்மா படத்தைக் கையில் வாங்கவில்லை.

"போன தடவ உங்க படத்த நம்பித்தான் முன்பக்கம் தேய்ச்சேன். இப்போ அதுல ஆட்டம். இன்னைக்கு இன்னொரு இடங்கிறீங்க."

"அது என் தப்பு. ஸ்கேன்ல இருந்தத நானே அழிச்சுட்டேன்" என்றாள் பம்பரம். "படத்தப் பாக்க வேணாம். அக்கா காட்டுற இடத்துல கைய வெச்சுப் பாருங்க, போதும்."

அவர் கை வைத்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "நானும் இந்த இடத்தத் தடவியிருக்கேனே... தழும்போட முடிச்சுன்னு விட்டுட்டேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தார். வெட்டிய எலும்பின் ஓரத்திலிருந்து ஒரு முளை கிளம்பியிருந்தது. இப்போதைக்குக் கத்தி வைக்க வேண்டாம், சாக்கெட்டில் இடம் விட்டுப் பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

"பெரிசா ஒரு குழி தோண்டிடலாமே?" என்றாள் அக்கா.

"தோண்டினா சதை அந்தக் குழிக்குள்ள இறங்கி வீங்கிடும். சின்னதா விட்டா முளை இடிக்கும்" என்ற கால்காரம்மா, முதல்முறையாகப் பம்பரத்தின் பக்கம் திரும்பினார். "எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம்னு உங்களால சொல்ல முடியுமா?"

பம்பரம் வாயைத் திறந்தாள். முடியும் என்று சொல்ல வந்தவள், "போட்டுப் பாக்கறேன். ஆனா அக்கா மாட்டிப் பாத்துச் சொல்றதுதான் கணக்கு" என்றாள்.

அகலமான குழி, குறுகிய குழி, ஓரம் செங்குத்தானது, ஓரம் சரிவானது என்று மாற்றி மாற்றி ஓட்டினாள். ஓரம் செங்குத்தாக இருந்தால் சிவப்பு முளையை விட்டுக் குழியின் விளிம்புக்கு ஓடியது. ஆழம் குறைந்து, ஓரம் நீளமாகச் சரிந்த ஒன்றில்தான் எங்கும் பெரிதாகச் சிவக்கவில்லை. கால்காரம்மா அப்படியே செய்து, முன்பக்க ஆட்டத்துக்கும் ஒரு மெல்லிய பட்டை வைத்து ஒட்டிக் கொடுத்தார். மையத்தின் நடைபாதையில் அக்கா நடந்தாள், நின்றாள், சட்டென்று திரும்பினாள்.  இன்னொரு முறை திரும்பினாள். பம்பரம் கேட்க வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டாள்.

"குத்தல" என்றாள் அக்கா. "இப்போதைக்கு."

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை பம்பரம் கடைக்குப் போனாள். கடை நிரம்பி வழிந்தது. அக்கா ஒரு பெண்ணின் பின்னந்தலையை முடித்துவிட்டு, நாற்காலியைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். பம்பரத்தின் கண் அவள் காலிலேயே இருந்தது.

"என்ன பாக்குற? முட்டி கொஞ்சம் கடுக்குது. காலைல இருந்து நிக்கிறேன், கடுக்காம என்ன செய்யும்?"

"முட்டியா? எந்தப் பக்கம்? உள்ளயா, வெளியயா?"

"அம்மா தாயே, இது எல்லாருக்கும் வர்ற வலி. இதுக்கெல்லாம் ஸ்கேன் கிடையாது." அக்கா கத்தரியை நிறுத்தாமலே முகவாயால் மூலையைக் காட்டினாள். "சும்மா நிக்க முடியலன்னா அந்தத் துடைப்பத்த எடு. தரையெல்லாம் முடி."

பம்பரம் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். காத்திருந்தவர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். கதவோரத்திலிருந்து பெருக்கத் தொடங்கினாள்.